அமானிதமும் அடையாளமும்

நம் முன்னே ஒரு கிதாபு விரிந்து கிடக்கிறது. 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல் அது. பதினாறு வயதில் நம் உஸ்தாதின் முன் மண்டியிட்டு அமர்ந்து இதை ஓதினோம். பிறகு பல்லாண்டுகளாக நம் முன் அமர்ந்தவர்களுக்கு ஓதிக் கொடுத்தும் வருகிறோம். ஆனால் இன்று விரிந்து கிடப்பது நாம் ஓதிய பழைய பிரதியன்று. கப்பலில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர், ஜாவாத் தீவின் சுரபாயா நகரத்துக் கடைத்தெருவில் வாங்கி வந்து நம் கையில் கொடுத்த பிரதி. தாள் மஞ்சள் நிறம், ஓரங்கள் நைந்திருக்கின்றன. யாரோ ஒரு மாணவர், அரபு வரிகளின் கீழே சாய்ந்தவாக்கில் தம் மொழியில் பொருள் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த எழுத்துக்களைக் கண்டதும் நமக்கு உள்ளம் உருகிவிட்டது. எழுத்து அரபு, மொழி ஜாவா. 'பெகோன்' என்று அவர்கள் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி 'அர்வி' என்னும் அரபுத்தமிழைக் கண்டார்களல்லவா, அதே வழிதான். எழுவாய் வருமிடத்தில் ஒரு குறிச்சொல், பயனிலை வருமிடத்தில் மற்றொரு குறிச்சொல் என்று, முப்ததாவும் கபரும் ஒன்றோடொன்று மயங்காதபடி ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தொங்கவிட்டிருக்கிறார் அந்த மாணவர். நாமும் அவ்வாறுதான் எழுதிக்கொண்டோம். மொழி மட்டுமே வேறு.

இந்நூலை எழுதிய ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் மலபார்க் கரையிலுள்ள பொன்னானியைச் சேர்ந்தவர்கள், 16ஆம் நூற்றாண்டினர். அங்கே பிறந்த நூல் நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தது, மக்காவுக்கும் போயிற்று, ஜாவாவுக்கும் சென்றது. ஜாவாவின் பாந்தன் பகுதியில் 1813இல் பிறந்து, மக்காவில் குடியேறி, அங்கேயே 1897இல் மறைந்த பேரறிஞர் நவவீ அல்பந்தனீ (ரஹ்) அவர்கள், மக்தூம் அவர்களின் மூலநூலுக்கு 'நிஹாயதுஜ் ஜைன்' என்னும் விளக்கவுரை எழுதினார்கள். ஆகவே ஜாவாவின் மத்ரஸாக்களைப் பற்றிப் பேசுவது அயலார் வீட்டுக் கதையைப் பேசுவதாகாது. ஒரே கிதாபை ஓதியவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

அந்த வீட்டில் இன்று ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. அது நம் வீட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. காலம் மாறும்போது நம் மார்க்கக் கல்விக்கூடங்களின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லுகிறோம். காக்க வேண்டிய அந்த அடையாளம் எது?

பெசந்த்ரன் என்னும் கல்விக்கூடம்

இந்தோனேசியாவில் மாணவர்கள் தங்கி ஓதும் மார்க்கப் பள்ளிக்குப் 'பெசந்த்ரன்' என்று பெயர். தங்குமிடத்தைப் 'பொண்டோக்' என்பார்கள். விடுதி எனப் பொருள்படும் 'ஃபுந்துக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஓதும் மாணவர் 'சந்த்ரி'. தலைமை உஸ்தாத் 'கியாய்'. மஞ்சள் தாளில் அச்சான பழைய நூல்கள் என்பதால், அவர்கள் ஓதும் அரபு நூல்களுக்கு 'மஞ்சள் கிதாபு' என்றே பெயர் விழுந்துவிட்டது. கியாய், தங்கி ஓதும் மாணவர், விடுதி, பள்ளிவாசல், கிதாபு ஆகிய இவை கூடினால்தான் பெசந்த்ரன். அந்நாட்டுச் சமய விவகார அமைச்சின் கணக்கில் இத்தகைய நிலையங்கள் முப்பதாயிரத்துக்கும் மேல் உள்ளன.

அங்கே ஓதிக் கொடுக்கும் முறைகள் இரண்டு. கியாய் வாசித்துப் பொருள் சொல்ல, சூழ்ந்திருக்கும் மாணவர் அனைவரும் தத்தம் கிதாபில் குறித்துக் கொள்ளுவது ஒன்று. அதனைப் 'பந்தோங்கன்' என்பர். மாணவர் ஒருவர் தனியே கியாயின் முன் அமர்ந்து, தாமே வாசித்துப் பொருள் சொல்ல, அவர் திருத்துவது மற்றொன்று, இது 'சொரோகன்'. நம் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு இரண்டும் புதியன அல்ல. முந்தைய இரவு முதாலஆ பாராமல் வந்து, உஸ்தாதின் முன் ஜபரும் ஜேரும் தடுமாறி நின்ற காலை நேரங்களை நாம் இன்றும் மறக்கவில்லை.

இனி, மாற்றம் என்பது அங்கே நேற்று நுழைந்த விருந்தாளியன்று. கிழக்கு ஜாவாவின் ஜொம்பாங் பகுதியில் உள்ள தெபுஇரெங்கில், மக்காவில் ஓதித் திரும்பிய ஹாஷிம் அஷ்அரீ (ரஹ்) அவர்கள் 1899இல் ஒரு பெசந்த்ரன் நிறுவினார்கள். தொடக்கத்தில் பழைய முறையே நடந்தது. 1916இல் வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. 1919இல் மலாய் மொழி, கணக்கு, பூகோளம் ஆகியன சேர்ந்தன. 1930களின் நடுவில், அவர்களின் மைந்தர் வாஹித் ஹாஷிம் அவர்கள் பொதுப் பாடங்களே பெரும்பகுதியாய் அமைந்த பிரிவு ஒன்றையும் தொடங்கினார்கள். அதே ஜொம்பாங் பகுதியில், தெனான்யார் என்னும் ஊரில், பிஸ்ரீ ஷன்சுரீ அவர்கள் 1919இல் பெண்பிள்ளைகளுக்கென வகுப்பு ஏற்படுத்தினார்கள். அக்காலத்தில் அது சிறிய துணிவன்று.

மற்றொரு பக்கம், 1926இல் மூன்று சகோதரர்கள் கொந்தோரில் புதிய முறைப் பெசந்த்ரன் கண்டனர். 1936 முதல் அங்கே படிப்படியான வகுப்புகள் நடந்தன. அரபியும் ஆங்கிலமும் அன்றாடப் பேச்சு மொழிகளாயின. 1910இல் எழுந்த லிர்போயோ போன்ற இடங்களோ பழைய கிதாபுக் கல்வியை விடாமல் பற்றிக்கொண்டு பெயர் பெற்றன. 1975இல் மூன்று அமைச்சர்களின் கூட்டு ஆணையால் மத்ரஸாக்களின் சான்றிதழுக்குப் பொதுப் பள்ளிகளுக்கு ஈடான மதிப்புக் கிடைத்தது. அதற்கு விலையாகப் பாடங்களில் நூற்றுக்கு எழுபது பொதுப் பாடங்களாயின. 2019இல் பெசந்த்ரன்களுக்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2021இல் அவற்றுக்கான நிதி ஏற்பாட்டுக்கு அதிபரின் ஆணையும் பிறந்தது.

இத்தனை மாற்றங்களினூடே அந்நாட்டு உலமாக்கள் அடிக்கடி நினைவூட்டும் விதி ஒன்று உண்டு. பழையதில் நல்லதைப் பேணுக, புதியதில் அதனினும் சிறந்ததை ஏற்க என்பது அதன் கருத்து. விதி சிறியது, ஆயினும் அதில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம். பழையது என்பதற்காகவே எதையும் பேணச் சொல்லவில்லை. அது நல்லதாயிருக்க வேண்டும். புதியது என்பதற்காகவே எதையும் ஏற்கச் சொல்லவில்லை. அது இருப்பதைவிடச் சிறந்ததாயிருக்க வேண்டும். பழைமையை விரும்புவோர் முதற்பாதியை மட்டும் ஓதுகிறார்கள். புதுமையை விரும்புவோர் பிற்பாதியை மட்டும் ஓதுகிறார்கள். 'நல்லது எது?' என்ற கேள்விக்கு விடை சொல்லும் கடமையிலிருந்து இருசாராருமே தப்பித்துக் கொள்ளுகிறார்கள்.

வேர் எது, கனி எது?

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தியை நாமெல்லாம் அறிவோம். மூலத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மமாக வழங்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபுச் சட்டத்தின் அடிப்படை இதுவே. மூலம் விற்கப்படாது, கொடுக்கப்படாது. கனியோ ஆண்டுதோறும் பறிக்கப்படும். ஆண்டுதோறும் புதிதாய்க் காய்க்கும். கனியையும் பறிக்காமல் காப்போம் என்று ஒருவன் சொன்னால் அது மரத்திலேயே அழுகிப்போகும். மரத்தையே வெட்டி விற்றுப் பிள்ளைகளுக்குக் கனி வாங்கித் தருவேன் என்று மற்றொருவன் சொன்னால், அடுத்த ஆண்டு அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நம் கல்விக்கூடங்களும் முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபுகளே. அவற்றில் மூலம் எது? கைலியும் தொப்பியும் பாயும் விளக்கும் மூலமா? நாம் ஓதியபோது அரிக்கேன் விளக்கு இருந்தது. இன்று மின்விளக்கு எரிகிறது. மஸ்அலாக்கள் அதனால் மங்கிவிடவில்லை. சரி, ஓதப்படும் கிதாபுகளாவது மூலமாகுமா? அதுவும் முழு விடையன்று. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் காலத்தில் இந்த ஃபத்ஹுல் முஈன் ஏது? பொன்னானியில் மை உலராமல் இருந்த காலத்தில் இதுவும் ஒரு புதிய நூல்தான். அதைப் 'புதியது' என்று ஒதுக்காமல், முன்னையவற்றோடு ஒப்பிட்டு நல்லதெனக் கண்டு, பாடத்தில் சேர்த்த ஓர் உஸ்தாத் எங்கோ இருந்திருக்கிறார். அவருடைய துணிவுதான் இன்று நமக்குப் பழைமையாகத் தெரிகிறது.

நம் சிற்றறிவுக்குப் படுவதைச் சொல்லுகிறோம். அந்தச் சொரோகன் வேளையை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவர், ஓர் ஆசிரியர், நடுவே அரைப் பக்கம் கிதாபு. மாணவர் எங்கே தவறினார், ஏன் தவறினார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். நேற்று இரவு அவர் தூங்கவில்லை என்பதும், ஊரிலிருந்து கடிதம் வராமல் கலங்கியிருக்கிறார் என்பதும் முகத்தைப் பார்த்தே தெரியும். அந்த ஆசிரியரும் ஒரு காலத்தில் வேறொருவர் முன் அவ்வாறு அமர்ந்தவரே. இப்படிக் கைமாறி வந்த இல்முக்குத்தான் ஸனது என்கிறோம். ஸனது என்பது பெயர்களின் வரிசை மட்டுமன்று; 'இதை நான் இவருக்குச் சரியாகக் கொடுத்தேன், அதற்கு நானே பதில் சொல்லுவேன்' என்று ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் வரிசை. அந்தப் பொறுப்பே மூலம். மற்றவையெல்லாம் அதன் கனிகள்; சில, அதன் இலைகள்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் பல மாற்றங்களின் தரம் விளங்கும். கணக்கும் அறிவியலும் கற்பிப்பதால் பொறுப்பு குறைவதில்லை. அது வளரவும் கூடும். ஏனெனில் தம்மிடம் வந்த பிள்ளை நாளை எவ்வாறு பிழைப்பான் என்று கவலைப்படுவதும் பொறுப்பின் ஒரு பகுதியே. ஆனால் சான்றிதழுக்காகவே ஓதுவது என்ற நிலை வந்துவிட்டால், கிதாபு தேர்வுக்கு உரியதாகி, உஸ்தாத் மதிப்பெண் போடுபவராகி, மாணவர் வரிசை எண்ணாகி விடுகிறார். அரசு நிதி தருவதும் அத்தகையதே. கட்டடத்துக்கு உதவினால் நன்று. உஸ்தாத் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதையும் அந்த நிதி தீர்மானிக்கத் தொடங்கினால் மூலம் விலைபோயிற்று என்று பொருள். இவை புதுமையால் வரும் ஆபத்துக்கள். இவற்றைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

பழைமையின் பெயரால் வரும் ஆபத்தைப் பற்றி நாம் எழுதுவது குறைவு. அதை எழுதுவதற்கு நமக்கு ஒரு காரணம் உண்டு. வெட்கத்தோடு அதனைச் சொல்லுகிறோம்.

நாம் சுமக்கும் கணக்கு

நாம் இளம் வயதில் ஒரு மத்ரஸாவில் உஸ்தாதாக இருந்தபோது மாடி எழும்பிக் கொண்டிருந்தது. கூலி கொடுக்கப் பணம் போதவில்லை. அஸருக்குப் பிறகு மாணவர்களைக் கல்லும் மணலும் சுமக்கச் சொன்னோம். 'மத்ரஸாவுக்குக் கித்மத் செய்தால் இல்மில் பரக்கத் உண்டாகும்' என்றும் சொன்னோம். அவர்களும் மகிழ்ச்சியோடுதான் செய்தார்கள். ஒரு நாள் சாரத்தில் கட்டியிருந்த மூங்கில் நழுவிற்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் கீழே விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டு முறிந்தது. அந்த மூங்கில் ஆடுவதை முந்தைய நாளே நாம் பார்த்திருந்தோம்.

மறுநாள் பையனின் வாப்பா வந்தார்கள். மீன்பிடித் தொழிலாளி. நாம் வாய் திறக்குமுன் நம் கையைப் பற்றி முத்தமிட்டு, 'அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத், நீங்கள் வருந்தாதீர்கள்' என்றார்கள். நாமும் தலையை அசைத்து, 'ஆம், அவன் நாட்டம்' என்றோம்.

அந்தத் தலையசைப்புக்குத்தான் இன்றும் நாம் வெட்கப்படுகிறோம். அவர்கள் சொன்னது ஈமான். நாம் சொன்னதும் அதே சொற்கள்தாம். ஆனால் நம் வாயில் அது தப்பித்துக் கொள்ளும் வழியாயிற்று. 'இல்லை, இது நம் கவனக் குறைவு. நம்மைப் பொறுத்துக் கொள்ளுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஏழைத் தகப்பனாரின் நல்ல மனமே நமக்குத் திரையாகிவிட்டது.

2025 செப்டம்பர் 29ஆம் நாள், கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோ மாவட்டத்துப் பழைமையான பெசந்த்ரன் ஒன்றில் பள்ளிவாசல் கட்டடம் இடிந்து விழுந்தது. மேல்தளத்தில் கான்கிரீட் போடப்பட்டுக் கொண்டிருக்க, கீழே மாணவர்கள் அஸர் தொழுகையில் நின்றிருந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பதின்ம வயதுப் பிள்ளைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பழைய அடித்தளம் மேலேற்றிய மாடிகளைத் தாங்கும் வலிமை கொண்டதாயில்லை என்றும், முறையான அனுமதியின்றிக் கட்டப்பட்டதென்றும் அதிகாரிகள் கூறினார்கள். நாடெங்குமுள்ள ஆயிரமாயிரம் பெசந்த்ரன்களில் மிகச் சிலவே கட்டட அனுமதி பெற்றவை என்றும் அப்போது வெளியாயிற்று. மாணவர்கள் கட்டட வேலையில் கைகொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் பேச்சு எழுந்தது. 'இது தக்தீர்' என்ற சொல்லும் கேட்டது. அச்செய்தியைப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மூங்கிலுக்கும் ஒரு கட்டடத்துக்கும் அளவில்தான் வேறுபாடு.

இதைவிடக் கசப்பான செய்தியும் உண்டு. பண்டுங் நகரில், மார்க்கக் கல்வி தருவதாகச் சொல்லி மாணவியரைத் தங்க வைத்திருந்த ஒருவன், பதின்மூன்று பிள்ளைகளின் மானத்தைக் குலைத்தது 2021இல் நாடறிந்த வழக்காயிற்று. மறு ஆண்டு நீதிமன்றங்கள் அவனுக்குக் கடும் தண்டனை விதித்தன. உஸ்தாதுக்குக் கீழ்ப்படிய வேண்டும், உஸ்தாதைப் பற்றி வெளியே பேசலாகாது என்று நாம் கற்பிக்கும் அதபையே ஒரு கயவன் தனக்குக் கோட்டையாக்கிக் கொள்ள முடியும் என்பதை அது காட்டிற்று. 2022இல் அந்நாட்டுச் சமய விவகார அமைச்சு, சமயக் கல்வி நிலையங்களில் இத்தகைய கொடுமைகளைத் தடுப்பதற்கெனத் தனி விதிகளை வெளியிட்டது.

தக்தீரும் பொறுப்பும்

இங்கேதான் நாம் தெளிவு பெற வேண்டும். தக்தீரை நம்புவது நம் ஈமானின் பகுதி; அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எதற்காக அருளப்பட்டது? ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்று, உமர் (ரலி) அவர்கள் எல்லையிலிருந்தே திரும்ப முடிவெடுத்தார்கள். 'அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?' என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்லுகிறோம் என்ற கருத்தில் கலீபா அவர்கள் விடை பகர்ந்தார்கள். மூங்கில் ஆடுவதும் விதி என்றால், அதை இறுகக் கட்டுவதற்குக் கை இருப்பதும் விதியே.

நம் உலமாக்கள் இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியிருக்கிறார்கள். துன்பம் நேர்ந்தபோது தக்தீரைச் சொல்லி ஆறுதல் அடையலாம். பிழை செய்துவிட்டு தக்தீரைச் சொல்லித் தப்பிக்கலாகாது. ஆகவே ஒரே சொல், சொல்லுபவரைப் பொறுத்து மாறுகிறது. பிள்ளையை இழந்த தாய் 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று சொன்னால் அது பொறுமை. பிள்ளையைக் காக்க வேண்டியிருந்தவர் அதே சொல்லைச் சொன்னால், அவர் தம் கணக்கை அல்லாஹ்வின் பெயரில் எழுதிவிட முயலுகிறார். முன்னதற்கு நற்கூலி உண்டு. பின்னதற்குக் கேள்வி உண்டு.

இதனை நாம் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. விரிந்து கிடக்கும் இதே ஃபத்ஹுல் முஈனில் 'வதீஅத்' பற்றிய பகுதி இருக்கிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பவர், தம் தவறின்றி அது அழிந்தால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை; கவனக் குறைவாலோ வரம்பு மீறலாலோ அழிந்தால் அவரே பொறுப்பாளி. இன்னும் ஒரு படி மேலே போகிறது சட்டம். காக்க முடியாதவர் அப்பொருளை ஏற்றுக் கொள்ளுவதே ஹராம். இதனைச் சந்த்ரிகள் சாய்வெழுத்தில் பொருள் எழுதி ஓதியிருக்கிறார்கள். நாமும் அர்வியில் பொருள் எழுதி ஓதியிருக்கிறோம். பிள்ளை என்பவன் பொருளல்லன்; வதீஅத்தின் சட்டம் அவனுக்கு நேராகப் பொருந்தாது என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். ஆயினும், ஒரு பெட்டிக்கும் ஒரு பணமுடிப்புக்குமே இத்தனை காவல் விதித்த மார்க்கம், கலிமாச் சொல்லும் ஒரு பிள்ளைக்கு அதனினும் குறைந்த காவலையா விரும்பும்? இடமின்றி ஆயிரம் பேரைச் சேர்க்கும் மத்ரஸாவும், தாங்காத சுவரின்மேல் மாடி கட்டும் மத்ரஸாவும் இந்த ஒரு மஸ்அலாவை மறந்தவையே.

எனவே கட்டடப் பொறியாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதும், விடுதிக் கணக்கை வெளியார் பார்ப்பதும், மாணவரின் முறையீட்டைக் கேட்க உஸ்தாதுக்கு மேலே ஒரு குழு இருப்பதும் நம் அடையாளத்தைக் குலைப்பவை அல்ல. அமானிதம் என்னும் நம் மூலத்துக்கு அவை வேலிகள். விதியின் சொற்படியே சொன்னால், இருப்பதைவிடச் சிறந்த புதியவை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதையும் நாம் புறக்கணிக்கவில்லை. கேள்வியும் கணக்கும் நுழைந்தால் மரியாதை போய்விடும், மரியாதை போனால் இல்மின் பரக்கத்தும் போய்விடும் என்பார்கள். சொல்லுபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். உஸ்தாதின் செருப்பைத் திருப்பி வைப்பதில் இன்பம் கண்டவர்கள் நாமும்தான். அந்த இன்பத்தை நம் மாணவர்கள் இழக்க வேண்டும் என்று நாம் விரும்பவில்லை. ஆனால் மரியாதை என்பது மாணவரின் உள்ளத்திலிருந்து வரவேண்டிய அன்பளிப்பு. உஸ்தாத் தமக்குக் கவசமாக அணிந்துகொள்ள வேண்டிய உடையன்று. கேள்வி கேட்டால் உடைந்துபோகும் மரியாதை, அச்சத்துக்கு இட்ட மறுபெயர்.

கொந்தோரின் வரலாறே இதற்குச் சான்று தருகிறது. அதை நிறுவிய சகோதரர்கள் 1958இல், தாங்கள் பாடுபட்டு வளர்த்த அந்தப் பெசந்த்ரனை முழுவதுமாக வக்ஃபு ஆக்கி, அங்கே ஓதி வெளியேறிய மாணவர்களுள் பதினைந்து பேர் கொண்ட சபையிடம் ஒப்படைத்து விட்டார்கள். தந்தைக்குப் பின் மகன் என்று கியாய்ப் பதவி குடும்பச் சொத்தாய் வரும் வழக்கம் மிகுந்த ஜாவாவில், 'இது எங்களுடையதன்று' என்று உரியவர்களே எழுதிக் கொடுத்தது எளிய காரியமல்ல. நேற்றுவரை தங்கள் முன் மண்டியிட்டு அமர்ந்த மாணவர்களிடமே கணக்குச் சொல்ல அவர்கள் இசைந்தார்கள். அதனால் அவர்களின் மரியாதை குறையவில்லை. அந்த நிலையமும் சிதையவில்லை. மனத்தூய்மை, எளிமை, தன்கால் நிலைத்தல், சகோதரத்துவம், சுதந்திரம் என்று ஐந்து பண்புகளை அவர்கள் தங்கள் கல்விக்கூடத்தின் உயிராகச் சொல்லுகிறார்கள். இந்த ஐந்தில் கட்டடமும் இல்லை, உடையும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையை மத்ரஸாவில் சேர்க்கும்போது 'எத்தனை ஆண்டில் பட்டம்?' என்று கேட்கிறீர்கள். சிலர் ஒன்றும் கேளாமலே கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுச் செல்லுகிறீர்கள். ஓர் உஸ்தாதின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் யார் எழுந்து வருவார் என்று கேளுங்கள். பிள்ளை தன் குறையை யாரிடம் சொல்லலாம் என்று கேளுங்கள். தூங்கும் இடத்தை நேரில் சென்று பாருங்கள். இது அவநம்பிக்கையன்று, அமானிதத்தை ஒப்படைப்பவரின் கடமை. உண்மையான உஸ்தாத் இக்கேள்விகளால் மனம் நோகமாட்டார். தமக்கு முன்னே யாரும் கேட்கவில்லையே என்றுதான் வருந்துவார்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் இன்று ஓர் ஊரில் இமாமாக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவரை ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் கண்டோம். ஸலாம் சொல்லி வலக்கையை நீட்டினார். மணிக்கட்டில் எலும்பு சிறிது புடைத்திருந்தது. அன்று அவருடைய வாப்பாவிடம் சொல்லத் தவறியதை அந்தக் கூட்டத்தின் நடுவே அவரிடம் சொன்னோம். அவர் திகைத்துப் போனார். வாப்பா மவ்த்தாகி வெகுநாள் ஆகிவிட்டது என்றும், கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு மெல்லிய குரலில், தாம் நடத்தும் மக்தபில் பிள்ளைகளை ஏணியில் ஏறவே விடுவதில்லை என்றார்.

நம்மிடமிருந்து அவருக்குச் சென்ற ஸனதில் ஃபத்ஹுல் முஈன் மட்டும் இருக்கவில்லை. நம் பிழையும் இருந்தது. அவர் முன்னதைப் பேணினார், பின்னதைத் திருத்தினார். ஜாவாவிலாயினும் நம் கரையிலாயினும் முன்னோரின் வழியைக் காப்பது என்பதற்கு இதைவிட வேறு பொருள் நமக்குத் தெரியவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இல்முக்கும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மறுமையில் பதில் சொல்லும் தகுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.